நெளிவு நிமிர்த்தும் தொழில்



மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதி முடித்தனர். எவர் முதலில் ஓட்டினார், எவ்வளவு வேகம் போயிற்று, எந்தப் பந்தயத்தில் எது வென்றது என்பவற்றை நூல்கள் நிரம்பக் கூறுகின்றன. வண்டி மதிலோடு உராய்ந்து மட்காட் நெளிந்தபின் அதன் உடையவர் எவரிடம் சென்றார், எவ்வளவு கொடுத்தார், கொடுக்க இயலாதவிடத்து என்ன செய்தார் என்பவற்றைக் கூறும் நூல்கள் மிகச் சில. ஆனால், கடன்பட்டு ஒரு வண்டி வாங்கிய ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் வாடகைக் கார் ஓட்டுநரையும் நாள்தோறும் வருத்திய வினா இதுவேயாகும்.

இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். செலவு செய்தே தீரவேண்டும். நெளிவு அத்தன்மையதன்று. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பூச்சு உரிந்த இடத்தில் மட்டும் மெல்ல மெல்லக் கறள் ஏறும். கடற்காற்று வீசும் ஊர்களிலே அது விரைவாகவே ஏறும். இன்று சில ரூபாவோடு முடியக்கூடிய வேலை, ஈராண்டு கழித்துத் தகட்டையே வெட்டி மாற்றும் வேலையாகிவிடும். செய்வதா, விடுவதா என்று உடையவர் தடுமாறும் இந்த இடைவெளியிலேதான் ஒரு தொழில் பிறந்து வளர்ந்தது. நம் நாட்டிலே ரிங்கர் வேலை என்று சொல்லப்படுவது அதுவே. அத்தொழில் எவ்வாறு தோன்றியது, ஒரு காலத்தில் மலிவாக இருந்தது ஏன், பின்னர் விலையேறியது ஏன் என்பவற்றை இன்று நோக்குவோம்.

முதல் மோட்டார் வண்டிகளின் உடலைச் செய்தவர்கள் குதிரை வண்டி செய்தவர்களே. இங்கிலாந்தில் வண்டிகட்டுவோர் சங்கத்துக்கு 1677ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் கிடைத்திருந்தது. அவ்வளவு பழைய தொழில் அது. அவர்கள் முதலில் வலிய மரத்தாற் சட்டம் கூட்டுவர். பின்னர் அதன்மேல் மெல்லிய மரப்பலகையையோ, அலுமினியத் தகட்டையோ, உருக்குத் தகட்டையோ அறைந்து பொருத்துவர். வளைவுகள் யாவும் கையாற் சுத்தியல்கொண்டு அடித்தும் உருளைகளுக்கிடையே தகட்டைச் செலுத்தியும் ஆக்கப்பட்டவை. ஒரு வண்டியின் தகடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே அடிபட்ட வண்டியைச் செய்தவரிடமே திரும்பக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அவரும் சட்டத்தை நீக்கி, மரத்தை மாற்றி, தகட்டைப் புதிதாக அடித்துப் பொருத்துவார். இதற்கு ஆகும் செலவு செல்வருக்கே இயல்வது. அக்காலத்தில் வண்டி வைத்திருந்தவரும் செல்வரே. ஆதலால் முறைப்பாடு எழவில்லை.

நிலைமையை மாற்றியது உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தும் முறை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே எட்வேட் பட் என்பவர் 1912ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மரச்சட்டமே இல்லாமல், அச்சில் அழுத்திய தகடுகளை ஒன்றோடொன்று காய்ச்சி இணைத்து முழு உடலையும் உருக்காலே செய்யலாம் என்பது அவர் கொள்கை. டொட்ஜ் சகோதரர்கள் 1914ஆம் ஆண்டில் தம் முதல் வண்டியை வெளியிட்டபோது அவருடைய உடல்களையே பயன்படுத்தினர். பிரான்சில் சிற்றோயன் நிறுவனம் 1924ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் பட்டுடன் கூடிக் கௌலியில் 1926ஆம் ஆண்டில் நிறுவிய தகடு அழுத்தும் ஆலை மூலமும் அம்முறை ஐரோப்பாவுக்கு வந்தது.

இதனால் இரு விளைவுகள் உண்டாயின. ஒன்று, எல்லா வண்டிகளின் தகடுகளும் ஒரே அளவினவாயின; கெட்டதைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். மற்றையது இதனினும் முக்கியமானது. மரச்சட்டத்தில் அறைந்த தகடு நெளிந்தால் உள்ளே உள்ள மரம் பிளந்திருக்கும். தகட்டை மட்டும் நிமிர்த்திப் பயனில்லை. உருக்குடலோ அடிபட்ட இடத்தில் நெளியும். நெளிந்ததை நெளிந்தவிடத்திலேயே வைத்து நிமிர்த்தலாம். ஒரு கொல்லனோ கன்னானோ, வண்டியைச் செய்தறியாத ஒருவன், தெருவோரக் கொட்டிலில் இருந்துகொண்டு ஆலையின் வேலையைச் சரிசெய்யும் நிலை அப்போதுதான் தோன்றியது.

அந்த வேலையின் நுட்பத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் புறத்தேயிருந்து பார்ப்பவர்க்கு அது வெறும் தகரம் தட்டும் ஓசையாகவே தோன்றும்.

ரிங்கர் தொழிலாளியின் முதன்மைக் கருவிகள் இரண்டு. ஒன்று முகம் மழமழப்பான ஒரு சுத்தியல். மற்றையது டொலி எனப்படும், கைக்கு அடங்கிய ஓர் இரும்புக் கட்டி. கையிற் பிடிக்கும் சிறிய அடைகல் என்று அதனைக் கூறலாம். நெளிவின் உட்புறத்தில் டொலியைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறத்திற் சுத்தியலாற் தட்டுவர். இதில் இருவகை அடி உண்டு. டொலிக்கு நேர் மேலே தட்டினால் தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்கி மட்டமாகும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அது சிறிது விரியவும் செய்யும். டொலியைப் பள்ளத்தின் அடியில் வைத்து, சுத்தியலை அப்பள்ளத்தின் ஓரத்தே எழுந்துள்ள மேட்டில் தட்டினால் மேடு தாழும். அதே வேளையிற் பள்ளம் டொலியினால் உந்தப்பட்டு எழும். தகடு அதிகம் விரியாது. எப்போது எவ்வகை அடி என்பதை அறிந்தவனே தொழிலாளி. அறியாதவன் பள்ளத்தை உள்ளிருந்து ஓங்கி அடித்துத் தள்ளுவான். பள்ளம் எழும், ஆனால் தகடு விரிந்துபோய், பின்னர் விரலால் அழுத்தினால் உட்சென்றும் விட்டால் வெளிவந்தும் டப் டப் என்று ஒலிக்கும்.

அவ்வாறு விரிந்த தகட்டைச் சுருக்குவதற்கும் வழி உண்டு. விரிந்த இடத்தின் நடுவே ஒரு சிறு வட்டத்தைச் செந்நிறமாகும் வரை காய்ச்சி, விரைவாகச் சுற்றிலும் தட்டி, ஈரத் துணியால் ஒற்றுவர். காய்ந்த இரும்பு விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதற்கு இடங்கொடாது. ஆகவே காய்ந்த பகுதி தடித்துத் திரளும். குளிரும்போது சுருங்கிச் சுற்றுத் தகட்டை இழுத்துக்கொள்ளும். இதற்குத் தேவையான ஒட்சிசன் அசற்றலீன் சுவாலை விளக்கைப் பிரான்சில் பூசே, பிக்கார் என்னும் இருவர் 1903ஆம் ஆண்டளவில் ஆக்கினர். அந்த விளக்கு இல்லையேல் இன்று நாம் பேசும் தொழிலே இல்லை எனலாம்.

மற்றொரு விதியும் உண்டு. அடிபடும்போது தகடு ஓர் ஒழுங்கிலே நெளிகிறது. முதலில் மோதிய இடம் உட்செல்கிறது. பின் அதன் சுற்றுப்புறம் மடிகிறது. இறுதியில் எங்கோ தொலைவில் ஒரு மடிப்பு விழுகிறது. நிமிர்த்தும்போது இந்த ஒழுங்கைத் தலைகீழாகப் பின்பற்றல் வேண்டும். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுத்தால் பாதிப் பள்ளம் தானாகவே எழுந்துவிடும். ஏனெனில் அடி நேரே பட்ட இடத்தைவிட, அதன் இழுவையால் உட்சென்ற பரப்பே அதிகம். அப்பரப்பு மீண்டும் தன் பழைய வடிவுக்கு வரவே முயன்றுகொண்டிருக்கிறது. மடிப்புத்தான் அதனைத் தடுக்கிறது. இவ்வுண்மையை அறிந்த தொழிலாளி அரைமணியில் முடிப்பதை அறியாதவன் இரண்டு நாட் செய்வான். மலிவு என்பது கூலியின் அளவில் இல்லை. அடியின் ஒழுங்கில் இருந்தது.

நிமிர்த்திய பரப்பைக் கண்ணால் மட்டும் பார்த்தறிய முடியாது. உள்ளங்கையை விரித்து அதன்மேல் நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பர். சிலர் கைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொள்வர். தோலின் பிடிப்பு நீங்கி மேடுபள்ளம் மட்டும் உணரப்படும் என்பது காரணம். அதன்பின் தட்டையான அரத்தை ஓட்டினால் மேடான இடம் பளபளக்கும். பள்ளமான இடம் மங்கியே இருக்கும்.

எவ்வளவு தட்டினாலும் சில குழிகள் எஞ்சும். சுத்தியலோ டொலியோ நுழைய முடியாத இடங்களும் உண்டு. அவற்றை நிரப்புவதற்கு முன்னாளில் ஈயத்தையே பயன்படுத்தினர். தகட்டைச் சுரண்டித் துப்புரவாக்கி, வெள்ளீயம் பூசி, அதன்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை இளக்கி வைப்பர். பெரும்பாலும் நூற்றுக்கு எழுபது பங்கு ஈயம், முப்பது பங்கு வெள்ளீயம். இக்கலவைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அது 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கினாலும் ஏறக்குறைய 255 பாகை வரை முற்றாக நீராவதில்லை. இடையிலே வெண்ணெய் போலக் கிடக்கும். அந்நிலையில், கொழுப்புத் தோய்த்த மரத்துடுப்பினால் அதனைத் தடவி வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவர். ஆலைகளும் இரு தகடுகள் சேரும் பொருத்தை மறைக்க இதனையே செய்தன. நன்றாகச் செய்த ஈயவேலை வண்டியின் ஆயுள் முழுவதும் நிற்கும். ஆனால் அதனை அரத்தால் அராவியவர்களின் சுவாசத்திற் புகுந்த ஈயத்தூள் அவர்களின் ஆயுளைக் குறைத்தது. பழைய வேலையின் பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடுதல் ஆகாது.

நிற்க. நிமிர்த்தினால் மட்டும் போதுமா? பூச்சு வேண்டாமா? செலவின் பெரும்பகுதி உண்மையில் அங்கேதான் இருந்தது.

குதிரை வண்டிக் காலத்தில் எண்ணெய் வாணிசைத் தூரிகையாற் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மீண்டும் பூசுவர். ஒரு வண்டி பூசி முடிய வாரக் கணக்கில் நாட் செல்லும். அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனம் நைத்திரோசெலுலோசில் இருந்து டியூக்கோ என்னும் லக்கரை ஆக்கி, 1923ஆம் ஆண்டில் ஓக்லண்ட் வண்டிகளுக்குப் பூசச் செய்தபின், வாரங்கள் நாட்களாகவும் மணித்தியாலங்களாகவும் சுருங்கின. நம் அண்டை நாடாகிய இந்தியாவில் விசிறிப் பூசும் பெயின்றுக்கெல்லாம் டியூக்கோ என்பதே பொதுப்பெயராகிவிட்டது. இந்த லக்கரைத் தூரிகையாற் பூசினால் தூரிகை எடுக்குமுன் உலர்ந்துவிடும். ஆகவே விசிறிதான் பூசவேண்டும். விசிறும் கருவியின் கதையோ வேடிக்கையானது. அமெரிக்காவில் டிவில்பிஸ் என்னும் வைத்தியர் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவுவதற்காக 1880களில் ஒரு தெளிகருவியை ஆக்கினார். அவர் மகன் அதனைப் பெயின்று விசிறுவதற்கு ஏற்றவாறு மாற்றினார். தொண்டை வைத்தியரின் கருவி உலகெங்கும் மட்காட்டுகளை அழகுசெய்தது.

செலுலோசு லக்கரின் பெருநன்மை, அது தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் இயல்பு. பழைய பூச்சின்மேற் புதிய லக்கரை விசிறும்போது அதிலுள்ள கரைப்பான் பழையதைச் சிறிது இளக்கும். இரண்டும் ஒன்றாகி உலரும். ஆகவே ஓர் உள்ளங்கையகல நெளிவுக்கு உள்ளங்கையகலத்தைச் சற்று மிஞ்சிப் பூசினாற் போதும். ஓரத்தைத் தேய்த்து மெருகிட்டால் சேர்ந்த இடம் தெரியாது. நிறத்தையும் கண்ணால் நோக்கிக் கலந்தனர். வெள்ளைக்குள் ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று கலந்து, ஒரு தகரத் துண்டில் விசிறி, உலரவிட்டு, வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். இத்தகைய வேலைக்குக் கொட்டிலும் ஒரு காற்றழுத்தியும் போதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இலங்கைத் தெருக்களை நிரப்பியவை பெரும்பாலும் பிரித்தானியச் சிறு வண்டிகளே. ஒஸ்ரின் ஏ40 வண்டியை யாழ்ப்பாணத்தார் அறியாதிருத்தல் அரிது. கல்யாண வீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கோயில் திருவிழாவுக்கும், புகையிரத நிலையத்துக்கும் அதுவே ஓடியது. டெவன், சமசெற் என்னும் பெயர்களோடு வந்த அவ்வகை வண்டிகள் தனியான அடிச்சட்டத்தின்மேல் உடல் வைத்துப் பூட்டப்பட்டவை. உடலில் எவ்வளவு நெளிவு விழுந்தாலும் வண்டியின் முதுகெலும்பு நேராகவே இருக்கும்.

மொறிஸ் மைனர் அவ்வாறன்று. அலெக் இசிகோனிஸ் அமைத்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டியில் உடலே சட்டம். ஆனால் முன் மட்காட்டுகளும் பின் மட்காட்டுகளும் புரியாணிகளாற் பூட்டப்பட்டவை. அடிபட்டால் ஆணிகளைக் கழற்றி, மட்காட்டை எடுத்து, வாங்கின்மேல் வைத்து, இருபுறமும் கைபுகத் தட்டி நிமிர்த்தி, மீண்டும் பூட்டலாம். வொக்ஸ்வாகன் வண்டியின் நான்கு மட்காட்டுகளும் அத்தகையனவே. அவ்விரு வண்டிகளும் ஏழைநாடுகளில் நீடித்து வாழ்ந்தமைக்குத் தம் இயந்திரத்துக்கு எவ்வளவு கடன்பட்டனவோ, அவ்வளவு அந்த ஆணிகளுக்கும் கடன்பட்டன என்பது என் கருத்து. மைனரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லலாம். உற்பத்தி தொடங்குவதற்குச் சற்றுமுன் வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று கண்ட இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் பழைய அளவிற் பம்பர்கள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றை வீசாமல் நடுவே வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினர். ஆலையே ஒட்டுப்போட்டு அனுப்பிய வண்டிக்கு நம் ரிங்கர்மார் ஒட்டுப்போட்டதில் வியப்பென்ன?

1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய 1977ஆம் ஆண்டு வரை நிலைமை அவ்வாறே இருந்தது. புதிய வண்டி இல்லை. புதிய தகடும் எளிதிற் கிடையாது. பழைய வண்டியின் விலை காலஞ்செல்லச் செல்லக் குறைவதே உலக வழக்கு, இங்கோ ஏறியது. நெளிந்த மட்காட்டை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுதல் என்ற பேச்சுக்கே இடமில்லாத அவ்வாண்டுகளில்தான் இந்நாட்டு ரிங்கர் தொழில் முதிர்ந்தது. கறள் தின்ற பகுதியை வெட்டியெடுத்து, வேறொரு தகட்டிலிருந்து அவ்வளவு துண்டை அளந்து வெட்டி, வளைவு அடித்து, ஒட்டி, அராவி மறைத்தனர். இங்கிலாந்திலே இறந்துபோன வண்டிகள் இங்கே உயிரோடு திரிந்தன.

காப்புறுதியும் இக்கதையில் ஒரு பாத்திரம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்பினருக்கு ஏற்படும் தீங்குக்கே காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. தன் வண்டிக்குத் தானே இழைத்த நெளிவுக்கு அதிற் பணமில்லை. முழுக் காப்புறுதி எடுத்தவருக்குக்கூடச் சிறு நெளிவுக்குக் கோருதல் நட்டமாகவே முடியும். ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 200 ரூபா கட்டவேண்டியவர். கோரிக்கை எதுவும் செய்யாத ஆண்டுகளுக்காக அவருக்கு நூற்றுக்கு முப்பது கழிக்கப்படுகிறது. 140 ரூபாவே கட்டுகிறார். 80 ரூபாச் செலவுள்ள ஒரு நெளிவுக்கு அவர் கோரினால், முதல் 25 ரூபா அவர் பொறுப்பு என்று கழித்து 55 ரூபா கிடைக்கும். அடுத்த ஆண்டு கழிவு போய் 60 ரூபா அதிகமாகக் கட்டவேண்டும். இந்தக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களே ரிங்கர் கொட்டிலுக்கு நேரே வந்தனர். கோரிக்கைத் தாளை நிரப்புமுன் கராஜில் விலை கேட்கும் வழக்கம் இன்றும் அறிவுடைய வழக்கமே.

தொழிலின் தரத்தைக் குலைத்தது ஏழ்மையன்று. ஒரு புதிய பொருள். 1950களின் நடுவிலே அமெரிக்காவில் ஈயத்துக்குப் பதிலாகப் பொலியெசுத்தர் பிசினோடு கல்மாவைக் கலந்து செய்த பசை வந்தது. அதனோடு சிறிது கடினமாக்கியைப் பிசைந்து தடவினால் சில நிமிடங்களிற் கல்லாகும், மண்கடதாசியால் தேய்க்கலாம், தீ வேண்டாம், ஈயநஞ்சில்லை. நம் கராஜ்களில் இதனைப் பட்டி என்பர். நிமிர்த்தி முடித்த தகட்டில் எஞ்சிய மயிரளவு குழிகளை நிரப்ப இதனினும் நல்ல பொருளில்லை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்குள் நின்றால் அது பல்லாண்டு நிற்கும். ஆனால் நிமிர்த்தும் வேலையையே விட்டுவிட்டு, பள்ளத்தை அப்படியே வைத்து, விரற்கடை தடிப்புக்கு அப்பி, மேலே பெயின்று விசிறி அனுப்பும் வழக்கமும் அதனோடு பிறந்தது. தடித்த பட்டி வண்டி குலுங்கக் குலுங்க வெடிக்கும். பட்டிக்குள் உள்ள கல்மா ஈரத்தை உறிஞ்சும். பூச்சில் ஒரு கீறல் விழுந்தாற் போதும், நீர் உட்சென்று தகட்டைப் பின்புறமிருந்து தின்னும். பழைய வண்டி வாங்குவோர் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு சென்றது இதனாலேயே. தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியில் ஒட்டாது. காந்தம் இல்லாதவர் விரல்மூட்டாற் தட்டிப் பார்த்தனர்; தகடு ஒலிக்கும், பட்டி முட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு 1990ஆம் ஆண்டில் இன்னொரு சோதனை வந்தது. போர் மீண்டும் தொடங்கியபின் எரிபொருளும் மின்கலங்களும் வேறு பல பொருள்களும் அங்கே செல்வது தடைசெய்யப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வண்டியின் எளிமையே அதனைக் காத்தது. நாற்பது வயது வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் ஊரில் இருந்திராவிடில், நோயாளியையும் கர்ப்பிணியையும் கொண்டுசெல்ல எத்தனையோ இரவுகளில் வாகனமே கிடைத்திராது. ஏ9 வீதி 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின் புதிய வண்டிகள் வந்தன. ஏ40கள் மெல்ல ஒதுங்கின.

அதே 1990களில் தென்னிலங்கையில் நடந்தது வேறு கதை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், புதிய வண்டி வாங்கி அதன் விலை தேயப் பார்த்திருப்பதைவிடப் பழைய வண்டியைத் தொடர்ந்து திருத்தி வைத்திருத்தலே சிக்கனம் என்று 1982ஆம் ஆண்டில் ஒரு நூலெழுதி வாதித்தார். மைனருக்கான தகடுகளையும் உறுப்புகளையும் செய்வதற்கு அவர் இலங்கையரோடு கூட்டுச்சேர்ந்தார். இங்கே செய்த மட்காட்டுகளும் தகடுகளும் கப்பலேறி, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே சென்றன. தகடு கிடையாத காலத்திற் கையால் அடித்துப் பழகிய நாடு தகடு விற்கும் நாடானது.

இன்றைய வண்டிகளில் அதே அளவு நெளிவுக்குப் பன்மடங்கு செலவாவது ஏன் என்று பலர் வினவுகின்றனர். கராஜ்காரரின் பேராசை என்று விடை கூறுதல் எளிது. அது முழு உண்மையன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் வண்டியின் எடையைக் குறைப்பதற்காக மெல்லிய, ஆயினும் வலிமைமிக்க உருக்கு புகுந்தது. அது நெளிய மறுக்கும். நெளிந்தபின் நிமிரவும் மறுக்கும். பழைய முறையிற் காய்ச்சினால் வலிமை இழக்கும். சிலவற்றின் உடல் அலுமினியம். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். பெயின்றும் மாறிற்று. நிறப்பூச்சின்மேல் தெளிந்த பூச்சொன்று வருகிறது. நிறத்துக்குள் உலோகத் துகள்கள் கிடந்து, சாயும் கோணத்துக்கேற்ப வேறு வேறாக ஒளிவிடுகின்றன. அங்கே உள்ளங்கையளவு பூசித் தப்ப முடியாது. கதவு முழுவதையும், சில வேளை அடுத்த தகட்டையும் சேர்த்தே பூசவேண்டும். அப்பெயின்றைக் கடினமாக்கும் ஐசோசயனேற்று நுரையீரலுக்குத் தீங்கானது. காற்றுச் செலுத்திய அறையும் முகமூடியும் ஆடம்பரமல்ல.

பம்பரின் வரலாறு இதற்குள் ஒரு தனி அதிகாரம். ஐக்கிய அமெரிக்கா 1973ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து, மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் முட்டினாலும் விளக்கு முதலியன சேதமுறாத பம்பர் வேண்டுமென விதித்தது. 1982ஆம் ஆண்டில் அவ்வேகத்தை இரண்டரை மைலாகக் குறைத்துவிட்டது. எடையும் விலையும் குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். குறைந்தது யாருடைய செலவு என்பதைச் சந்தையில் பின்னோக்கி வண்டி எடுத்துத் தூணில் முட்டிய எவரும் கணக்கிடலாம். பிரான்சின் ரெனோ 5 வண்டி 1972ஆம் ஆண்டிலேயே பிளாஸ்ரிக் பம்பரோடு வந்திருந்தது. இன்று எல்லாம் பிளாஸ்ரிக்கே. அதனுள்ளே தூரம் அளக்கும் உணரிகள் பதிக்கப்பட்டிருப்பதால், உராய்வென்று நினைத்துக் கொண்டுசென்றவர் மின்கருவிக்கும் பணங்கொடுத்துத் திரும்புகிறார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் செலாவணி முடையால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்புருவரியிலேயே வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை 1960களைப்போலவே ஏறிற்று. ரிங்கர் கொட்டில்களில் வேலையும் மிகுந்தது. உடைந்து ஏலத்தில் வந்த வண்டிகளிலிருந்து எடுத்த அதே நிறக் கதவையோ மட்காட்டையோ தேடிப்பிடித்துப் பூட்டுவது, நிமிர்த்திப் பூசுவதைவிடப் பல வேளை மலிவாயிற்று. பூச்சு உரியாத சிறு பள்ளங்களை, வளைந்த கம்பிகளை உட்புறம் நுழைத்து, ஒளிக்கீற்றின் நிழலைப் பார்த்துப் பார்த்து மெல்ல நெம்பி எழுப்பும் முறையும் பரவியுள்ளது. சுத்தியலும் டொலியும் செய்த வேலையையே அக்கம்பியும் செய்கிறது. பெயின்றுச் செலவு மட்டும் இல்லை. பிளாஸ்ரிக் பம்பர் வெடிக்காமல் உட்குழிந்திருப்பின், கொதிநீரை அதன்மேல் மெதுவாக ஊற்றி, இளகியவுடன் பின்புறமிருந்து கையால் தள்ளி, உடனே குளிர்நீர் விட்டால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும். தடித்த கையுறை அணிந்துகொள்ள வேண்டும். உணரிகளின் கம்பி எங்கே ஓடுகிறது என்று முன்னரே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.